சுயம்பு என்னும் சௌகரியம்

சென்ற இதழில் இசை பற்றி நண்பர் எழுதிய கட்டுரையில் கிடார் கற்றுக்கொள்வது குறித்து மூன்று பத்திகள் வருகின்றன. கட்டுரையின் மற்ற பகுதிகளோடு எனக்குத் தகராறு இல்லை. தகராறு செய்கிற அளவுக்கு அவற்றில் விஷயமும் இல்லை. இந்த மூன்று பத்திகளில் அவர் சொல்வதன் சாரம் இது: கிடார் வீதியில் பிறந்த வாத்தியம், அதற்குக் குருவும் வேண்டாம், பாடமும் வேண்டாம். அதில் சாதித்தவர்கள் எல்லோரும் சுயம்புகள். உள்ளே இருப்பது விரல் வழியாகத் தானே வெளியே வரும். ஒரே வரிசையை உட்கார்ந்து நூறு தரம் வாசிப்பது குமாஸ்தாத்தனம்.

குமாஸ்தாத்தனம் என்ற சொல்லை நம் எழுத்தாளர்கள் வசவாக உபயோகிப்பது புதிதல்ல. உபயோகிப்பவர்களில் பாதிப்பேர் குமாஸ்தாக்கள் என்பதும் புதிதல்ல. நான் வங்கியில் குமாஸ்தா. நான்கு வருஷங்களாக ஆசிரியர் யாரும் இல்லாமல் கிடார் பழகி வருகிறேன். ஆக, நண்பர் தூக்கிப் பிடிக்கும் கட்சியிலும் அவர் கேலி செய்யும் கட்சியிலும் ஒரே சமயத்தில் அங்கத்தினனாக இருக்கிறேன். இந்த இரட்டை அந்தஸ்து பதில் சொல்லப் போதுமான தகுதி என்று நினைக்கிறேன்.

முதலில் சுயம்பு. உளி படாமல் பூமியிலிருந்து தானாக முளைத்த லிங்கத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் பசு வந்து பால் சொரிந்ததையும், கோடாலி பட்டு ரத்தம் கசிந்ததையும் சொல்ல ஒரு தலபுராணக்காரன் தேவைப்படுகிறான். நண்பரின் கட்டுரையில் தலபுராணம் ராபர்ட் ஜான்சனைப் பற்றியது. மிஸிஸிப்பியின் ஏதோ ஒரு நாற்சந்தியில் நள்ளிரவில் சாத்தானிடம் ஆத்மாவை அடகு வைத்து கிடார் வித்தையை வாங்கிவந்தவர் என்ற கதையை அவர் உருக்கமாகவே சொல்கிறார். இந்தக் கதை முதலில் டாமி ஜான்சன் என்ற இன்னொரு ப்ளூஸ் பாடகரைப் பற்றி அவருடைய சகோதரர் சொன்னது. பெயர் ஒற்றுமையில் இவர் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. நடந்தது என்னவென்று தெரியாமலில்லை. ஜான்சன் இளைஞராக இருந்தபோது அவர் கிடாரை எடுத்தால் ஜனங்கள் முகம் சுளிப்பார்கள் என்று மூத்த கலைஞர் ஸன் ஹவுஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். பிறகு ஜான்சன் ஊரைவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர் ஹேஸல்ஹர்ஸ்ட் பக்கத்தில் ஐக் ஸிம்மர்மன் என்ற கிடார்க்காரரோடு இருந்தார். இருவரும் இரவில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள். அமானுஷ்யம் ஒன்றுமில்லை, ராத்திரி சத்தம் போட்டால் கேட்பாரற்ற இடம் அது ஒன்றுதான். பின்னர் 1936-லும் 1937-லும் டெக்ஸஸில் இருபத்தொன்பது பாட்டுகள் பதிவு செய்தார், 1938-ல் செத்துப்போனார். சாத்தான் எல்லோருக்கும் தெரிந்தவன். ஐக் ஸிம்மர்மனின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

சாத்தானை நமக்குப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. கல்லறையில் மாதக்கணக்காக ராத்திரி உட்கார்ந்தவன் நம்மை வெட்கப்பட வைக்கிறான். நாற்சந்தியில் ஒரே ராத்திரியில் வரம் வாங்கியவன் வைப்பதில்லை. அவனுக்குக் கிடைத்தது, நமக்குக் கிடைக்கவில்லை, விஷயம் முடிந்துவிட்டது. மேதைமையைத் தெய்வீகமாக்குவதில் நம் சோம்பேறித்தனத்துக்கு இருக்கும் சௌகரியம் கொஞ்ச நஞ்சமல்ல. இளையராஜா விஷயத்திலும் இதையேதான் செய்கிறோம். பண்ணைப்புரத்து மண்ணிலிருந்து இசை ஊற்றெடுத்ததாகச் சொல்லும்போது நமக்குக் கண்ணில் ஜலம் வருகிறது. தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசை படித்ததையும், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வு எழுதி கிளாசிக்கல் கிடாரில் தங்கப் பதக்கம் வாங்கியதையும் சொன்னால், ஏதோ அவருடைய மதிப்பைக் குறைத்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறோம்.

இப்போது எதிர்க் கட்சிக்காரர்கள் சந்தோஷப்படக் கூடாது. குருமுகமாக வராதது வித்தையே அல்ல என்று சொல்லும் சபா முன்வரிசைக்காரர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது: எலிஸபெத் காட்டன்.

வட கரோலினாவில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாக வீட்டு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் மூன்று டாலர் எழுபத்தைந்து சென்டுக்கு ஒரு கிடார் வாங்கினார். இடதுகைப் பழக்கம். வலதுகைக்காரர்களுக்காகத் தந்தி கட்டிய கிடாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். சொல்லித்தர ஆளிருந்திருந்தால் முதல் நாளே இதைத் தடுத்திருப்பார்கள். விளைவு, மற்றவர்கள் கட்டைவிரலால் மீட்டும் மந்தரத் தந்திகளை அவர் விரல்களால் மீட்டினார், மற்றவர்கள் விரல்களால் எடுக்கும் மெட்டைக் கட்டைவிரலால் எடுத்தார். சர்ச்சுக்காரர்கள் இது கடவுளுக்கு ஆகாத சங்கீதம் என்றதால் கிடாரை ஓரமாக வைத்தார். கல்யாணம், குழந்தை, பிறர் வீட்டு அடுப்படி என்று பல பத்தாண்டுகள் போயின. வாஷிங்டனில் ஸீகர் குடும்பத்தில் வேலைக்காரியாக இருந்தபோது அந்த வீட்டுச் சுவரில் தொங்கிய கிடாரை எடுத்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். முதல் இசைத்தட்டு 1958-ல் வந்தது. 1985-ல் கிராமி பரிசு வாங்கினார். 1893-ல் பிறந்து 1987 ஜூனில் காலமானார். ஆண்ட்ரே ஸெகோவியாவும் அதே 1893-ல் பிறந்து அதே 1987 ஜூனில் காலமானவர். அவரும் தனக்குத்தானே குரு, தனக்குத்தானே சீடன் என்று சொல்லிக்கொண்டவர்தான். அவருக்கு டாரெகாவின் கைவழியைத் தெரிந்துகொள்ள பார்சலோனாவில் மிகெல் யோபெத் இருந்தார். காட்டனுக்கு அடுப்படிதான் இருந்தது.

தானாகக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் ஒரு தேர்வாக இருந்ததில்லை என்பதே நான் சொல்ல வருவது. கதவு திறக்காத வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டவர்களின் வழி அது. துரோணர் வீட்டுக் கதவு எதற்காக மூடியிருந்தது என்று நமக்குத் தெரியும். மூடியவர்கள் பிறகு கட்டைவிரலையும் கேட்டார்கள். அந்தக் கதையில் நாம் கட்டைவிரலோடு நின்றுவிடுகிறோம். அதற்கு முன் அந்த வேட்டுவச் சிறுவன் ஒரு மண்பொம்மையின் முன்னால் எத்தனை நாள், எத்தனை அம்பு விட்டிருப்பான் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அவனைச் சுயம்பு என்று சொல்வது துரோணர் செய்ததைவிடப் பெரிய அநியாயம் என்று எனக்குப் படுகிறது. துரோணர் விரலைத்தான் எடுத்தார். நண்பர் அவன் உழைப்பையே எடுத்துவிடுகிறார்.

வெஸ் மாண்ட்கோமெரிக்குக் கட்டைவிரல் இருந்தது. இண்டியானாபொலிஸில் கல்யாணமான இளைஞர், இருபது வயதை ஒட்டி சார்லி கிரிஸ்டியனின் இசைத்தட்டைக் கேட்டார். கிரிஸ்டியன் 1942-ல் இருபத்தைந்து வயதிலேயே இறந்துவிட்டவர். போய்க் கேட்க முடியாது. தட்டு ஒன்றுதான் பாக்கி. மாண்ட்கோமெரி கிடாரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கிவந்து, அந்த ஸோலோக்களை ஸ்வரம் ஸ்வரமாகக் காதால் எடுத்தார். எழுதிய இசையைப் படிக்க அவருக்குக் கடைசிவரை தெரியாது. பிளெக்ட்ரம் வைத்து வாசித்தால் அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு. கட்டைவிரலின் சதையால் மீட்டினால் சத்தம் அமுங்கியது. அந்த அமுங்கல்தான் பின்னால் உலகம் முழுக்க அவருடைய நாதம் என்று அடையாளம் காணப்பட்டது. முதலில் கிடைத்த கிளப் வேலையில் கிரிஸ்டியனின் ஸோலோக்களை அப்படியே வாசித்துவிட்டு, அவை தீர்ந்ததும் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று சொல்வதுண்டு. இந்தச் சும்மா உட்கார்ந்திருத்தல் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தன்னிடம் இன்னும் இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்ளாத ஒரு நேர்மை அதில் இருக்கிறது. அதன் பிறகும் பகலில் தொழிற்சாலை, ராத்திரி கிளப் என்று வருஷங்கள் ஓடின. 1959-ல்தான் வெளியுலகம் அவரைக் கவனித்தது. தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்தவரின் வாசிப்பில் எந்த இடத்தில் குமாஸ்தாத்தனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நண்பர் காட்டட்டும்.

சரி, ஆசிரியர் இல்லாதவன் என்னதான் செய்வது? பாடத்துக்கு இன்றைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் எப்போதுமே இருந்ததில்லை என்றுகூடச் சொல்லலாம். லூயிஸ் மிலான் 1536-ல் வாலென்ஸியாவில் அச்சிட்ட வீஹுவேலாப் புத்தகம், வாத்தியத்தைத் தொட்டே அறியாதவனை எளிதிலிருந்து கடினத்துக்கு அழைத்துப்போக எழுதப்பட்டது. அதன் பெயரே 'ஆசான்' என்று பொருள்படுவது. கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷமாகப் புத்தகங்கள் ஆசானாக இருக்க முயன்றுகொண்டிருக்கின்றன. இப்போது கைபேசியைத் திறந்தால் ஆயிரம் ஆசான்கள். எனக்குத் தெரிந்த ஒரு இளைஞர் முந்நூறு வீடியோப் பாடங்களைச் சேமித்து வைத்திருக்கிறார். ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை நிற்காமல் வாசிக்க அவருக்கு வராது. புத்தகக் கண்காட்சியில் மூட்டை கட்டிக்கொண்டு வந்து அலமாரியில் அடுக்கிவிட்டு அடுத்த கண்காட்சிக்குக் காத்திருக்கும் நம் வாசக நண்பர்களின் அண்ணன் தம்பி இவர். சேகரிப்பது கற்றுக்கொள்வது போலவே ஒரு திருப்தியைத் தருகிறது. அதனால்தான் அது ஆபத்து.

ஆசிரியர் தருவதில் பாடம் என்பது பாதிகூட இல்லை. அவர் தருவது ஒரு ஜோடிக் காது. எதிரே உட்கார்ந்து, நாம் வாசித்ததைக் கேட்டு, இங்கே தட்டுகிறது, இங்கே ஓடுகிறாய், இந்தத் தந்தி பேசவில்லை என்று சொல்கிற காது. வாசிப்பவனுக்குத் தான் வாசிப்பது கேட்பதில்லை. தான் வாசிக்க நினைத்ததுதான் கேட்கிறது. கவிதை எழுதுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தன் கவிதையைத் தான் படிக்கும்போது மனசில் இருந்ததையெல்லாம் அதில் இருப்பதாகப் படித்துவிடுகிறோம் இல்லையா, அதுதான். எனவே தானாகக் கற்பவனின் முதல் வேலை அந்த இன்னொரு காதை எப்படியாவது தயாரித்துக்கொள்வது. கைபேசியில் நான் மதிக்கும் ஒரே வசதி ஒலிப்பதிவு. வாசித்ததைப் பதிவு செய்து அன்றைக்கே கேட்காமல் மறுநாள் கேட்கிறேன். அன்றைக்கே கேட்டால் விரலின் ஞாபகம் காதை ஏமாற்றிவிடுகிறது. மறுநாள் கேட்கும்போது வாசித்தவன் கொஞ்சம் அந்நியனாகிவிடுகிறான், அவனிடம் தாட்சண்யம் காட்டத் தேவையில்லை. சுலபமான இடங்களில் ஓட்டம், கஷ்டமான இடங்களில் நொண்டல், இதுதான் ஆரம்பக்காரர்கள் எல்லோருடைய பதிவிலும் கேட்கும். மெட்ரோனோம் வைத்துக்கொண்டால் இரண்டும் பிடிபடும். மெட்ரோனோம் இசையைக் கொன்றுவிடும் என்பவர்களுக்கு: மெல்ட்ஸெல் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1815-ல். அதற்குப் பிறகு இசை செத்துப்போனதாகத் தகவல் இல்லை.

வங்கியில் சாயங்காலம் ரொக்கத்தை எண்ணும்போது பத்து ரூபாய் இடித்தால், மொத்தத்தையும் மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருப்பவன் ராத்திரி எட்டு மணிக்கும் வீட்டுக்குப் போகமாட்டான். எந்த வவுச்சரில், எந்தக் கட்டில் இடிக்கிறது என்று குறுக்கிக்கொண்டே போகவேண்டும். கிடாரும் இதே கதைதான். பாட்டு வரவில்லை என்று முதலிலிருந்து பாட்டை நாற்பது தரம் வாசிப்பவன் தவறையும் சேர்த்து நாற்பது தரம் சாதகம் செய்கிறான். வராதது பாட்டில் ஒரு இடம். ஜி மேஜரிலிருந்து சி மேஜருக்கு மாறும் இடம் என்று வைத்துக்கொள்வோம். ஜி வருகிறது, சி வருகிறது, நடுவில் இருக்கும் அரை விநாடி வரவில்லை. அப்படியானால் ஜி-யின் கடைசித் தட்டையும் சி-யின் முதல் தட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு, எந்த விரல் முதலில் கிளம்புகிறது, எது வேண்டாத உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறது என்று பார்க்கவேண்டும். இதற்கிடையில் வலது கை நிற்கக் கூடாது. இடது கை போய்ச் சேராவிட்டால் வெறுந்தந்தியையாவது அடித்துக்கொண்டு தாளம் போகட்டும். இடது கைக்காக வலது கை காத்து நிற்கப் பழகிவிட்டால் அந்த வியாதி லேசில் போகாது. இதைச் சொல்லித்தர ஒரு ஆசிரியருக்கு ஒரு நிமிஷம் போதும், உண்மை. ஆசிரியர் இல்லாதவனுக்கு ஒரு மாதம் பிடிக்கலாம். பிடிக்கட்டும். அந்த ஒரு மாதத்தில் தன் கையை அவன் தெரிந்துகொள்வது போல வேறு யாரும் அதைத் தெரிந்துகொள்ள முடியாது.

அழுத்தம் இன்னொன்று. ஆரம்பத்தில் எல்லோரும் தந்தியைக் கொலை செய்வது போல அழுத்துகிறோம். விரலை மெட்டுக்கு ஒட்டி வைத்து (வீணைக்காரர்கள் மெட்டு என்பதைத்தான் கடைக்காரர் ஃப்ரெட் என்கிறார்), தந்தி இரைகிற அளவுக்குத் தளர்த்திவிட்டு, இரைச்சல் நிற்கும் இடம் வரை மட்டும் அழுத்திப் பார்த்தால், தேவையானது எவ்வளவு குறைவு என்று ஆச்சரியமாக இருக்கும். விரல் நுனியில் வலி வரும். சில வாரங்களில் காய்ப்புக் காய்த்துப் போய்விடும். மணிக்கட்டில் வலி வந்தால் அது வீரமல்ல, நிறுத்தவேண்டும். வாத்தியத்தின் குற்றமும் இருக்கலாம். நான் வாங்கிவந்த கிடாரில் பன்னிரண்டாவது மெட்டின் மேல் தடித்த தந்தி நாலு மில்லிமீட்டருக்கும் மேலே நின்றது. விற்றவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஒரு தச்சு வேலைக்காரரைக் கொண்டு இரண்டரைக்கு இறக்கினேன். இதை அறியாமல் தங்களுக்கு விரலில் பலமில்லை, ஞானமில்லை என்று கிடாரைப் பரணில் போட்டவர்கள் ஊருக்குப் பத்துப்பேர் இருப்பார்கள். எஃப் மேஜர் என்ற புகழ்பெற்ற பூதம் இருக்கிறதே, ஒரே விரலால் ஆறு தந்தியையும் படுக்கவைத்து அழுத்துவது, அதை முதல் மெட்டிலேயே ஆரம்பிக்கவேண்டும் என்று எந்த சாஸ்திரமும் இல்லை. 650 மில்லிமீட்டர் தந்தியில் முதல் மெட்டின் அகலம் 36 மில்லிமீட்டருக்கு மேல், போகப் போக மெட்டுகள் நெருங்கும், பன்னிரண்டாவது 19 சொச்சம்தான். ஐந்தாவது மெட்டில் அதே கைவடிவை வைத்தால் அது ஏ மேஜர். அங்கே பழகிக்கொண்டு வாரம் ஒரு மெட்டாக இறங்கி வரலாம். பூதத்தைப் பின்பக்கமாகப் பிடிக்கும் வழி.

நம்மிடமே இருக்கும் ஒரு முறையை கிடார்க்காரர்கள் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு எப்போதும் வியப்பு. மெட்ரோனோமை 60, 64, 68 என்று ஏற்றிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். சரளி வரிசை படிக்கும் சிறுமி வேறு விதமாகச் செய்கிறாள். தாளத்தை மாற்றுவதே இல்லை. முதல் காலத்தில் தட்டுக்கு ஒன்று, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. அசையாத ஒரு காலத்துக்குள்ளே எண்ணிக்கை பெருகுகிறது. முதல் காலத்தில் நிற்காதவனுக்கு மூன்றாம் காலம் கிடையாது என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். புரந்தரதாசர் பெயரால் வழங்கும் இந்தப் படிக்கட்டை ஆறு தந்திக்கு மாற்றிக்கொள்ள கர்நாடக சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பாட்டு வகுப்பு ஜன்னல் வழியாகக் கேட்டதுதான்.

காது விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் நண்பரும் நானும் உண்மையில் பிரிகிறோம். காதால் எடுப்பது என்பதை அவர் உள்ளுணர்வு என்று நினைக்கிறார். காதால் எடுப்பது போல உடம்பை முறிக்கும் வேலை வேறில்லை. ஒரு வரியைக் கேட்கவேண்டும், நிறுத்தவேண்டும், வாயால் பாடவேண்டும், பாட வந்த பிறகுதான் தந்தியில் தேடவேண்டும். தேடுகிற இடத்தில் கிடார் ஒரு விசித்திரமான வாத்தியம். மெல்லிய தந்தியை வெறுமனே மீட்டினால் வரும் அதே ஸ்வரம் இரண்டாவது தந்தியின் ஐந்தாம் மெட்டிலும், மூன்றாவதன் ஒன்பதாம் மெட்டிலும், நான்காவதன் பதினான்காம் மெட்டிலும் இருக்கிறது. ஸ்தாயி ஒன்று, குரல் நான்கு. எதை எடுப்பது என்பதில்தான் வாசிப்பவனின் ரசனை ஆரம்பமாகிறது. யாரோ தட்டச்சு செய்து போட்ட எண் கட்டத்தைப் பார்த்து விரலை வைப்பவனுக்கு இந்தக் கேள்வியே எழாது. அந்த எண் கட்டங்களில் பெரும்பாலானவை ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று சொல்வதுமில்லை. 1536-ல் மிலான் கட்டங்களின் மேலே காலக்குறிகளைப் போட்டிருந்தார். கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷத்தில் நாம் அடைந்த முன்னேற்றம், காலத்தை விட்டுவிட்டோம்.

இன்னொரு மூடநம்பிக்கையையும் இதோடு தள்ளிவிடலாம். பத்தாயிரம் மணிநேரம் என்ற ஜபம். 1993-ல் எரிக்ஸனும் அவருடைய சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்து எழுதிய ஆய்வில், சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் தனியாகச் செய்த பயிற்சியின் சராசரியாக வந்த எண் அது. 2008-ல் ஒரு பிரபல புத்தகம் அதைச் சட்டமாக்கிவிட்டது. ஆய்வு அழுத்திச் சொன்னது மணிக்கணக்கை அல்ல, தன் குறை இருக்கும் இடத்தைத் தேடிப்போய்ச் செய்யும் பயிற்சியை. அதற்கும் முன் 1979-ல் ஷேயும் மார்கனும் கைவேலைப் பயிற்சி பற்றி ஒரு சோதனை செய்தார்கள். ஒரே வேலையைத் தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். வேலைகளைக் கலைத்துப் போட்டுச் செய்தவர்கள் பயிற்சியின்போது தடுமாறினார்கள், ஆனால் பிறகு பார்க்கும்போது இவர்களிடம்தான் அது தங்கியிருந்தது. இதைப் படித்ததிலிருந்து என் நாற்பது நிமிஷத்தை நான்காக வெட்டி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கிறேன். வாசிக்கும்போது கேவலமாக இருக்கிறது. மறுநாள் கையில் இருக்கிறது. ஆக, நூறு தரம் ஒரே வரிசையைத் தேய்ப்பது பற்றி நண்பர் சொன்னதில் அணுவளவு உண்மை உண்டு, அவர் அறியாமலே. காரணம் மட்டும் வேறு.

நாற்பது நிமிஷம் என்றேன். எட்டரையிலிருந்து ஒன்பது பத்து வரை. மார்ச் கடைசி வாரம் நீங்கலாக. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் சேர்த்து வாசித்துப் பார்க்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். திங்கள் முதல் சனி வரை கை அதை மறந்து வைக்கிறது. வேலைக்குப் போகிறவனிடம் இருப்பது இந்தத் துண்டு நேரம்தான். இந்த நேரத்தைப் பார்த்துத்தான் நண்பர் குமாஸ்தாத்தனம் என்கிறார். முழுநேரக் கலைஞனின் பித்து இதில் இல்லை என்கிறார். பித்துப் பிடிக்க வசதி வேண்டும். காட்டனுக்கும் மாண்ட்கோமெரிக்கும் அந்த வசதி இருந்திருக்கவில்லை.

பயிற்சி செய்தால் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் ஆகிவிடலாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஆகமாட்டேன். 1928-ல் வண்டி தீப்பிடித்து இடது கையின் இரண்டு விரல்கள் சுருண்டுபோன பிறகு, மீதி இரண்டு விரல்களைக் கொண்டு முழு வாத்தியத்தையும் திரும்பக் கற்றுக்கொண்ட மனிதர் அவர். அவரிடம் இருந்த ஏதோ ஒன்று பயிற்சியால் வருவதல்ல என்று வைத்துக்கொள்வோம். ஆனால் மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்து அந்த இரண்டு விரலைப் பழக்கியது எது? அதையும் உள்ளொளி என்று எழுதிவிடுவதா?

நண்பரின் மூன்று பத்திகள் கிடாரைப் பற்றியவை அல்ல என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். கிடார் அவருக்கு ஒரு சாக்கு. நம் பத்திரிகைக்கு வரும் கவிதைக் கட்டுகளைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். வந்தபடி எழுதினேன், ஒரு சொல்லை மாற்றவில்லை என்று இணைத்த கடிதத்தில் பெருமையாக எழுதியிருக்கும். மாற்றவில்லை என்பது கவிதையைப் படித்தாலே தெரிகிறது. யாப்பை விட்டோம், சரி. விட்டதற்கு அருமையான காரணங்கள் இருந்தன. ஆனால் யாப்பு செய்துகொண்டிருந்த ஒரு வேலை, தட்டுகிற இடத்தைக் காதுக்குக் காட்டிக்கொடுக்கும் வேலை, அதை இப்போது யார் செய்கிறார்கள்? புதுக்கவிதைக்காரன் ஒவ்வொருவனும் ஆசிரியர் இல்லாத மாணவன். அப்படியிருக்க, தன் குரலை மறுநாள் போட்டுக் கேட்கும் சிரத்தை மற்ற எவரையும்விட அவனுக்கு அதிகம் இருக்கவேண்டும். சுயம்பு என்று சொல்லிவிட்டால் அந்தப் பொறுப்பு கழன்றுவிடுகிறது. தலபுராணத்தை நண்பர்கள் எழுதிக்கொடுத்துவிடுவார்கள்.

அடுத்த இதழில் நண்பர் மறுப்பு எழுதுவார் என்று ஆசிரியர் சொன்னார். எழுதட்டும். அதோடு ஒரு சின்ன காரியமும் செய்யவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அவர் வீட்டுக் கூடத்தில் கிடார் ஒன்று மாட்டியிருக்கிறது. போன தடவை பார்த்தபோது மூன்றாவது தந்தி இறங்கிக் கிடந்தது. அதைச் சுருதி சேர்த்து, தனக்குப் பிடித்த பாட்டில் எட்டே எட்டு தாளவட்டத்தை நிற்காமல் வாசித்துப் பதிவு செய்து, ஒரு ராத்திரி கழித்துப் போட்டுக் கேட்டுவிட்டு, பிறகு உட்கார்ந்து எழுதட்டும். பதிவை எனக்கு அனுப்பவேண்டாம்.